கிரீன்லாந்து கப்பல் பயணம்: பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

போன ஆகஸ்டில் நானும் மனைவியும் கிரீன்லாந்து போய் வந்தோம். ஐஸ்லாந்தின் ரேக்யவிக்கில் கப்பல் ஏறி, ககோர்டோக், நூக், இட்டிலெக், இலுலிசாட் என்று மேற்குக் கரையோரமாக வடக்கே போய்த் திரும்பும் பயணம். பல வருடச் சேமிப்பு. எங்களை ஏமாற்றியது பனியோ காற்றோ அல்ல, டிக்கெட் விற்ற முகவர்.

"160 பேர் மட்டும் போகும் சின்னக் கப்பல் சார், தினமும் இரண்டு முறை கரையிறங்கலாம்" என்றார். முழுப் பணத்தையும் கட்டினோம். கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போது மின்னஞ்சல் வந்தது: வேறு கப்பல், சுமார் 500 பயணிகள். ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாதாம். ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் பார்த்தால், பொடி எழுத்தில் 'இணையான வேறு கப்பல்' என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டது நான்தானே.

500 பேர் என்றால் என்ன என்பது இட்டிலெக்கில்தான் உறைத்தது. மொத்தமே நூறு பேர் வாழும் ஊர். கரைக்குப் போவது ரப்பர் படகில், ஒரு தடவைக்குப் பத்துப் பேர். பயணிகளைக் குழு குழுவாகப் பிரித்திருந்தார்கள், நாங்கள் ஆறாவது குழு. வரும் பயணிகளோடு ஊர்க்காரர்கள் கால்பந்து ஆடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். எங்கள் முறை வந்தபோது ஆட்டம் முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கிடைத்தது 35 நிமிடம். ஒரு வீட்டு முன்னால் காயப்போட்ட மீனை இருபது பேர் சுற்றி நின்று படம் எடுத்ததைப் பார்த்து எனக்கே கூச்சமாகிவிட்டது.

பயணத் திட்டத்தில் இருந்த எக்கி பனியாற்றுக்குப் போகவே இல்லை. விரிகுடாவை ஐஸ் அடைத்துவிட்டது. இதற்கு நான் சண்டை போட மாட்டேன். பனிப்பாறையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள் இருக்கிறது, சொல்லாமல் கொள்ளாமல் புரளும். கேப்டன் விலகிப் போனதுதான் சரி. ஆனால் 'கட்டாயம் பார்க்கலாம்' என்று எங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்களே, அது பொய். இலுலிசாட்டில் மட்டும் மனசு ஆறியது. பனியாற்றிலிருந்து உடைந்து வரும் பெரிய பனிப்பாறைகள் ஃபியோர்டின் (மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடல்) வாயிலில் கடலடி மேட்டில் தட்டி நின்றுவிடுகின்றன. ஒரு மாலை முழுக்கப் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அப்புறம் விசா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். "ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) போதும் சார்" என்றார் முகவர். போதாது. கிரீன்லாந்து டென்மார்க் அரசின் கீழ் இருந்தாலும் ஷெங்கனில் இல்லை. கிரீன்லாந்துக்குச் செல்லுபடியாகும் என்று குறிப்பிட்டு டென்மார்க் தரும் விசா வேண்டும். ஷெங்கனில் இருக்கும் ஐஸ்லாந்திலிருந்து கிரீன்லாந்து போய்த் திரும்பினால் ஷெங்கனுக்குள் இரண்டாவது முறை நுழைகிறீர்கள். ஒரே நுழைவு விசாவோடு போனால் திரும்பும்போது மாட்டுவீர்கள். தற்செயலாக விதிகளைப் படித்ததால் தப்பித்தோம். மறுபடி விண்ணப்பித்த செலவு எங்கள் தலையில்.

பணம் கட்டுமுன் கப்பலின் பெயர், பயணிகள் எண்ணிக்கை, கப்பல் மாறினால் பணம் திரும்புமா, மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது எதுவும் நிற்காது.

புகார் எழுதினேன். மன்னிப்போடு ஒரு கூப்பன் வந்தது: அன்டார்டிகா பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி. அங்கே 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையிறக்க முடியாது. உங்கள் கப்பலில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.