மளிகைக் கடைத் தராசா, ஓசூர்ப் பட்டறையா, போட்டிச் சோதனை மேசையா?

கடந்த ஆண்டு மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு மகளை அழைத்துச் சென்றபோது, கருவிகள் விதிப்படி உள்ளனவா என்று பார்க்கும் சோதனை மேசையில் எங்கள் துப்பாக்கி 5.52 கிலோ காட்டியது. 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு (காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி) சைட்டு எனும் குறிபார்க்கும் கருவி, மாட்டிய எடைகள் எல்லாம் சேர்த்து 5.5 கிலோதான் உச்சவரம்பு. முந்தைய இரவு கிருஷ்ணகிரி வீட்டில், பயணப்பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் 5.46 என்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருந்தேன். சோதனை மேசையருகிலேயே குழலிலிருந்து ஓர் எடை வளையத்தைக் கழற்றினோம். விதி சரியாயிற்று, மூன்று மாதம் பழகிய சமநிலை போயிற்று. அன்றைய முதல் பத்துக் குண்டுகளின் புள்ளிகளை எண்ணிப் பார்க்கவே எனக்கு மனமில்லை.

தராசை மட்டும் குறை சொல்ல முடியாது. வீட்டில் நிறுத்தபோது துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டர் காலி. காற்றுக்கும் எடை உண்டு: 0.2 லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் சுமார் 40 லிட்டர் காற்று உள்ளே போகிறது, ஏறக்குறைய 48 கிராம். அதனால்தான் இந்த ஆண்டு எங்கே, எப்படிச் சோதிப்பது என்று மூன்று வழிகளையும் முயன்று பார்த்தேன்.

முதலில் புளி மண்டிக்குப் போனேன், வீண் வேலை. மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு 50 கிராம் படிகளில் தாவுகிறது. நமக்கோ சண்டையே இருபது கிராமுக்கு. தெருமுனை மளிகைக் கடையின் 30 கிலோ மின்னணுத் தராசு 5 கிராம் படிகளில் காட்டுகிறது, ஆண்டுதோறும் முத்திரை வைத்த தராசு வேறு. ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்துச் சுழியமாக்கினேன். கடைக்காரரிடம் இருந்த முத்திரையிட்ட 5 கிலோ படிக்கல்லை ஏற்றினேன், சரியாக 5.000. பிறகு துப்பாக்கி. “காட்டுப்பன்றி அடிக்கவா அண்ணா?” என்றார். எங்கள் மாவட்டத்து அஞ்செட்டிப் பக்கம் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்ட செய்திகளைப் படித்தவர் வேறென்ன கேட்பார்? 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை என்று விளக்கினேன். உறையிலேயே எடுத்துப் போங்கள். குண்டு இல்லை என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைக் குழலில் செருகியே வெளியே எடுங்கள்.

ஓசூரில் தெரிந்தவரின் லேத் பட்டறையில் தரச் சோதனை அறை இருக்கிறது. கிரானைட் அளவு மேசை, நுண்ணளவு பார்க்கும் வெர்னியர், உயரமானி எல்லாம் உண்டு. கிருஷ்ணகிரிக்காரனுக்குக் கிரானைட்டைக் கண்டாலே ஒரு பெருமிதம். துப்பாக்கியின் இயங்குபகுதியின் பின்முனையிலிருந்து குழல் முனை வரை 850 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆனால் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் போட்டித் துப்பாக்கியில் இந்த அளவு பெரும்பாலும் மீறுவதில்லை. குழல் நீட்டிப்பு மாட்டியவர்கள்தான் பார்க்க வேண்டும், அவர்களும் டேப்பின் முனைக் கொக்கியை நம்பாமல் எஃகு அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். முன்சைட்டுக் கூட்டின் நீளம் 50, விட்டம் 25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், குழல் முனையைத் தாண்டி நீளக் கூடாது. ஒரு வெர்னியர் போதும். எனக்குப் பட்டறைப் பயணம் ஒரு நல்ல காபியோடு முடிந்தது.

டிரிகர் இழுவிசையைப் பற்றிச் சில பெற்றோர்கள் கவலைப்படுகிறார்கள். 500 கிராம் குறைந்தபட்சம் என்பது ஏர் பிஸ்டலுக்கு, ரைபிளுக்கு அல்ல. துப்பாக்கியில் லென்ஸோ தொலைநோக்கியோ இருக்கக் கூடாது. வீரர் கண்ணாடி அணியலாம். இவற்றைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். சிலிண்டரில் பொறித்த தேதியை மட்டும் வாசியுங்கள்: வழக்கமாக உற்பத்தியிலிருந்து 10 ஆண்டுகள்தான் ஆயுள், அது கடந்ததா என்று கவனிப்பது போட்டியாளரின் பொறுப்பு. பழைய துப்பாக்கியை வாங்குவோர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

போட்டி நடக்கும் இடத்துச் சோதனை மேசைதான் இறுதி அதிகாரம். ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்குச் சுமார் 250 கிலோமீட்டர். அங்கே போய்க் குறை கண்டுபிடித்தால் திருத்திப் பழக நேரமில்லை. எனினும் ஒரு விஷயத்துக்கு அந்த மேசையை விட்டால் வழியில்லை: சுடும்போது அணியும் தடித்த சட்டை. ஓர் அடுக்கில் 2.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது என்பதை அழுத்தம் கொடுத்து அளக்கிறார்கள்; விறைப்புக்கும் தனிக் கருவி உண்டு. வெர்னியரால் வீட்டில் அளந்தால், துணியை அமுக்கும் விரலைப் பொறுத்து எண் மாறுகிறது. ஆகவே முந்தைய நாளே போய்ச் சட்டையைக் காட்டுவது நல்லது. சோதனை முடிந்தபின் எதையும் மாற்றக் கூடாது. சுட்டு முடித்தபின் நடக்கும் திடீர்ச் சோதனையில் மீறல் தெரிந்தால் தகுதிநீக்கம்.

எடைக்கு நான் மளிகைக் கடையைத்தான் தேர்ந்தெடுப்பேன். நிரம்பிய சிலிண்டரோடு இந்த முறை 5.455. கடைக்காரர் பில் கேட்கவில்லை, இரண்டு கிலோ புளி வாங்கச் சொன்னார், வாங்கினேன்.