துஜா வேலியை வெட்ட ஆள் கூப்பிடும் முன் இதைப் படியுங்கள்

ஏற்காட்டில் எங்கள் வீட்டு முன்புறம் அப்பா வரிசையாக 22 துஜா செடிகள் (வேலிக்கு வைக்கும் ஊசியிலை வகை) வைத்திருந்தார். 14 வருஷத்தில் ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து, தெருவிலிருந்து பார்த்தால் வீடே தெரியாது. கண் அறுவை சிகிச்சைக்காக அப்பா சேலத்தில் எங்களோடு இருந்த நேரம். கோடை விழாக் கூட்டம் ஏறுவதற்குள் வேலியை ஒழுங்குபடுத்தி வைக்கலாம் என்று, தோட்டப் பராமரிப்பு செய்கிறேன் என்ற ஒருவரிடம் 8,500 ரூபாய்க்குப் பேசினேன். "அரை அடிக்கு மேல எடுக்காதீங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். வேலை முடிந்தது என்று பெருக்கிய வாசலை மட்டும் படம் எடுத்து அனுப்பினார். நம்பி முழுப் பணத்தையும் ஜிபேயில் போட்டுவிட்டேன். நான் செய்த பெரிய தப்பு அது.

அடுத்த ஞாயிறு போனால் வயிறு எரிந்தது. வேலியின் இரண்டு பக்கமும் மெஷினால் வழித்து எடுத்திருந்தார். பச்சையே இல்லை. தேய்ந்த விளக்குமாறு மாதிரி பழுப்புக் குச்சிகள்தான் நீட்டிக்கொண்டு நின்றன. கேட்டதற்கு, "ஒரு மழை விழட்டும் சார், குபுகுபுன்னு வந்துரும்" என்றார். ஜூன் மழை, ஜூலை மழை எல்லாம் பெய்தது. ஒரு துளிர்கூட வரவில்லை.

எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் கிளையை விலக்கிக் காட்டி விளக்கினார். துஜா, சைப்ரஸ், ஜூனிபர் மாதிரி ஊசியிலை வகைகளில் உயிருள்ள இலை வெளிப்பக்கம்தான். உள்ளே வெளிச்சம் படாமல் இலை உதிர்ந்து வெறும் குச்சியாகிவிடும். அந்தப் பழைய குச்சியிலிருந்து பெரும்பாலும் மறுபடி துளிர் வராது. காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக்கைக் கிளை கழித்தால் திரும்பத் தழைக்கும், செம்பருத்தி வேலியை மொட்டையடித்தாலும் தழைக்கும். வெட்ட வந்தவர் அதே கையோடு இதையும் வெட்டியிருக்கிறார். தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் வேறு ஆள் பார்த்திருப்பேன்.

இன்னொன்று. மூலையில் இருந்த கிறிஸ்துமஸ் மரத்தின் (அரக்கேரியா) உச்சியையும், கேட்காமலே, கரண்ட் கம்பிக்காக என்று வெட்டிவிட்டார். அந்த மரத்துக்கு நடு உச்சி போனால் அடுக்கடுக்கான அந்த வடிவம் போனதுதான். உண்மையில் கம்பிக்குக் கீழே அதை வைத்ததே தவறு. நூறு அடிக்கு மேலும் வளரக்கூடிய மரம் அது.

சண்டை போட்டதும், ஈடாக என்று 900 ரூபாய்க்கு ஒரு கிறிஸ்துமஸ் மரக் கன்றைத் தலையில் கட்டினார். அது பக்கக் கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தது. அப்படி வந்த கன்று நேராக எழும்பாது, கிளை மாதிரி சாய்ந்தேதான் போகும். வாங்கும்போது நடுத்தண்டைச் சுற்றி நாலு பக்கமும் சக்கரம் போலக் கிளை விட்டிருக்கிறதா பாருங்கள். ஒரே பக்கமாக விசிறி போல் விரிந்திருந்தால் வேண்டாம்.

வேலியில் 15 செடி பட்டுப்போயின. இப்போது அவர் போனை எடுப்பதில்லை. அப்பா அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை.

வெட்ட வருகிறவரிடம் ஒரு கிளையை விலக்கி, எதுவரை வெட்டுவீர்கள் என்று கேளுங்கள். வருஷா வருஷம் நுனிப் பச்சையில் கொஞ்சமாக எடுத்தால் போதும். அடிப்பக்கம் அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கட்டும், அப்போதுதான் கீழ்க்கிளைக்கும் வெயில் கிடைக்கும். முதல் செடி முடியும்வரை கூடவே நில்லுங்கள். பணத்தை நேரில் பார்த்த பிறகு கொடுங்கள்.