மின்னிதழ் சந்தா: நூலகப் பணியில் கண்டவை

பல்கலைக்கழக நூலகத்தில் மின்னிதழ்ப் பிரிவு என் பொறுப்பு. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் ஈ-சோத்சிந்து என்ற பழைய மின்னிதழ்த் திட்டத்தின் காலத்தையும் பார்த்தேன், அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களை மொத்தமாக வாங்கித்தர 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தையும் பார்த்து வருகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 இதழ்கள். மூன்று ஆண்டுக்கு ஒன்றிய அரசு ஒதுக்கியது சுமார் 6,000 கோடி ரூபாய். முன்பு நூலகக் குழு கூடினாலே, எந்தத் துறையின் இதழை நிறுத்துவது என்பதுதான் சண்டை. அது இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. வெளியூர் நண்பருக்கு மெயில் போட்டு பிடிஎஃப் கேட்கும் மாணவர்களும் குறைந்துவிட்டார்கள்.

ஆனால் சந்தா இருந்தால் மட்டும் கட்டுரை திறந்துவிடாது. பதிப்பகம் நம்மை அடையாளம் காண்பது வளாக இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியை வைத்து. இணைய இணைப்பை வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் முகவரியும் மாறும். மறுநாள் எல்லாக் கட்டுரையும் காசு கேட்கும். கணினி மையம் இணைப்பை மாற்றும் முன்பே நூலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

இதைவிட மோசமான ஒன்று நடந்தது. ஆய்வு மாணவர் ஒருவர் மென்பொருள் வைத்து ஓர் இதழின் பழைய தொகுதிகளை மொத்தமாக இறக்கினார். பதிப்பகம் வளாகத்தின் ஐபி முழுவதையும் முடக்கிவிட்டது. வந்த மின்னஞ்சலில் நேரமும் ஐபி எண்ணும் மட்டும்தான். ஆளை நாங்கள்தான் ஃபயர்வால் பதிவில் தேடிப் பிடித்தோம். அதற்குள் வாய்மொழித் தேர்வுக்குத் தயாரானவர்கள் தவித்துப்போனார்கள். மொத்தமாக இறக்குவது ஒப்பந்த மீறல்தான், மறுக்கவில்லை. அதற்காக ஒருவர் செய்ததற்கு வளாகத்தையே பூட்டுவது நியாயமில்லை என்று அப்போதே எழுதினேன், இப்போதும் அதுதான் என் கருத்து. இன்ஃபெட் என்ற இன்ஃப்ளிப்நெட்டின் உள்நுழைவு அமைப்பு வழியாக அவரவர் கணக்கில் நுழைந்தால் அந்த ஒரு கணக்கை மட்டும் நிறுத்த முடியும், வீட்டிலிருந்தும் படிக்கலாம். புதிய மாணவர்களுக்கு முதல் வாரமே கணக்கு கொடுத்துவிடுங்கள், படிப்பு முடிந்தவர்களின் கணக்கை மூடிவிடுங்கள்.

பதிப்பகங்கள் கவுன்டர் (COUNTER) என்ற பொதுத் தர முறையில் தரும் பயன்பாட்டு அறிக்கையில் எல்லோரும் பார்ப்பது எத்தனை கட்டுரை திறந்தது என்பதை. நான் முதலில் பார்ப்பது, உரிமம் இல்லாமல் திரும்பிப்போன கோரிக்கைகளை. நம் ஆய்வாளர்கள் தேடியும் கிடைக்காத இதழ்களின் பெயர்கள் அங்கேதான் இருக்கும். துறைத்தலைவரிடம் பேசும்போது அந்தப் பக்கம் ஒன்றே போதும்.

பெரிய பதிப்பகங்கள் வந்துவிட்டன என்று நிர்வாகம் நூலக நிதியில் கை வைக்கப் பார்க்கும், விடாதீர்கள். தமிழில் வரும் ஆய்விதழ்கள் இந்தப் பதிப்பகங்களிடம் இல்லை. தமிழ்த்துறைக்கும் வரலாற்றுத் துறைக்கும் வேண்டிய பல சிற்றிதழ்கள் இன்னும் அச்சில்தான் வருகின்றன. அந்தச் சந்தா நின்றால் தொகுதி அறுந்துபோகும், பிறகு தேடினாலும் கிடைக்காது.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. அச்சு இதழுக்குச் சந்தாவை நிறுத்தினாலும் பைண்ட் செய்த பழைய தொகுதிகள் அலமாரியில் இருக்கும். மின்னிதழில் ஒப்பந்தத்தில் நிரந்தர அணுகல் என்ற பிரிவு இருந்தால்தான், பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களாவது சந்தாவுக்குப் பிறகும் மிஞ்சும். இப்போதைய நிதி ஒதுக்கீடு 2027 வரைக்குமானது. அடுத்த சுற்றுப் பேச்சுவார்த்தையில் விலைக்கு முன்பே இதைத்தான் கேட்க வேண்டும். கல்லூரி நூலகர்களும் தங்கள் பயன்பாட்டு அறிக்கையை இணைத்து இன்ஃப்ளிப்நெட்டுக்கு இதை இப்போதே எழுதுங்கள், நாங்கள் எழுதிவிட்டோம்.