கர்ப்பத்தின் ஐந்தாம் மாசத்தில் எது தோது: வீட்டு வேலையா, நடையா, யோகாவா, நீச்சலா?

மசக்கை ஓய்ந்து, சோறு வாய்க்குப் பிடிக்க ஆரம்பிக்கிற காலம் இது. 14 முதல் 27 வாரம் வரையிலான இந்தக் கட்டம்தான் பலருக்கும் உடற்பயிற்சிக்கு வசதியானது. சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டவர்கள், ரத்தக்கொதிப்பு, கடும் ரத்தசோகை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

நம் கொங்குப் பக்கம் முதல் போட்டியே வீட்டு வேலைக்கும் நடைக்கும்தான். "குனிஞ்சு நிமிந்து வேலை செஞ்சாப் போதும் அம்மிணி, தனியா எதுக்கு நடக்கோணும்?" என்பார்கள் அமுச்சிமார்கள், அதாவது பாட்டிமார்கள். உடம்பு அசைய வேண்டும் என்ற அளவில் அது நியாயம்தான். ஆனால் அடுப்படியில் நிற்பதும் பாத்திரம் விளக்குவதும் நெஞ்சுத் துடிப்பைக் கொஞ்சம் ஏற்றி, அரை மணி நேரம் அதே அளவில் வைத்திருப்பதில்லை. குடம் தூக்கினால் இடுப்புவலிதான் மிச்சம். திருப்பூர் பனியன் கம்பெனியில் நாள் பூரா மிஷினில் உட்காருகிற டெய்லருக்கும், செக்கிங் டேபிளில் நின்றே பொழுதைக் கழிக்கிற பெண்ணுக்கும் இதே கதைதான். களைப்பு வரும், கால் வீங்கும், பயிற்சி மட்டும் ஆகியிருக்காது. நடை அதிகம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான்.

என் ஓட்டு நடைக்கே. காசு வேண்டாம், சொல்லித்தர ஆள் வேண்டாம். பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது; அதுதான் சரியான வேகம். சாப்பிட்ட பிறகு பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படும். கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை மாதிரி சமதரை நல்லது, தோட்டத்து வரப்பு ஆகாது. இந்த மாசங்களில் மூட்டுப் பிணைப்புகள் தளர்ந்திருக்கும், வயிறு முன்னே இழுக்கும், கால் சுலபமாகப் பிசகும். ரப்பர் செருப்பை விட்டுவிட்டு, பின்னால் வார் வைத்த செருப்போ ஷூவோ போடுங்கள். ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது உத்தமம். கோவை, பொள்ளாச்சியில் ஆனி, ஆடி மாசங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாயங்கால நடையை இதமாக்கிவிடும்.

நடைக்குப் பதிலாகக் கோயில் படி ஏறலாமா? மருதமலையோ சென்னிமலையோ, ஏறும்போது மூச்சு வாங்கினால் உட்கார்ந்துகொள்ளலாம். இறக்கம்தான் ஆபத்து. வயிறு மறைப்பதால் அடுத்த படியின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மலைக்கும் வண்டிப் பாதை இருக்கிறது, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

யோகா நடைக்குத் துணை, மாற்று இல்லை. முதுகு பிடிப்புக்கு, கையும் முழங்காலும் ஊன்றி முதுகை மேலும் கீழும் வளைக்கிற பூனை ஆசனம் அருமை. உள்ளங்கால்களைச் சேர்த்து வைத்து உட்காருகிற பட்டாம்பூச்சி ஆசனமும் சரி. மூட்டு தளர்ந்திருப்பதால் உடம்பு வழக்கத்தைவிட அதிகமாக வளையும், அதை நம்பி எல்லை வரை இழுக்கக் கூடாது. குப்புறப் படுப்பது, மூச்சை அடக்குவது, வயிற்றை முறுக்குவது வேண்டாம். 20 வாரத்துக்கு மேல் மல்லாந்து நெடுநேரம் படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரலாம். எழும்போது முதலில் ஒருக்களித்து, பிறகு கையை ஊன்றி எழுங்கள்.

இடுப்புவலிக்கும் கால் வீக்கத்துக்கும் நீச்சல் நல்ல சுகம் தரும், உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறதே! ஆனால் சுத்தமான நீச்சல் குளமும் பெண்களுக்கான தனி நேரமும் எல்லா ஊரிலும் அமையாது. தோட்டத்துக் கிணற்றில் நீந்திப் பழகியவர்களும் இப்போது இறங்க வேண்டாம். பாசி பிடித்த படி போதும், வழுக்கிவிட.

ஆக, தினமும் நடை, வாரம் இரண்டு மூன்று நாள் யோகா, வாய்த்தால் நீச்சல். எதைச் செய்தாலும் ரத்தக்கசிவு, நீர் ஒழுகல், நெஞ்சுவலி, மயக்கம், கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், விட்டு விட்டு வயிறு இறுகுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.