பட்டையோரம் ஒருவருக்கு ஒரு சட்டி

பாங்காக்கில் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து, தனியாகச் சாப்பிட வேண்டிய மாலைகளில் நான் பெரும்பாலும் நாடுவது வணிக வளாகங்களில் உள்ள கன்வேயர் பெல்ட் ஹாட்பாட் கடைகளைத்தான். நகரும் பட்டையில் வரும் தட்டுகளிலிருந்து வேண்டியதை எடுத்து, கொதிக்கும் சூப்புச் சட்டியில் நாமே வேகவைத்துச் சாப்பிடும் இடங்கள் இவை. இவ்வகையில் ஷாபுஷி அங்கு நன்கு அறியப்பட்ட பெயர். சுக்கி எனப்படும் தாய்லாந்து ஹாட்பாட்டின் வழக்கமான உணவகங்களில் மேசைக்கு ஒரே சட்டி என்பதால், துணையின்றிப் போகிறவருக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கும். இங்கோ ஒவ்வொருவர் முன்னும் சிறு மின்னடுப்பும் தனிச் சட்டியும் இருப்பதால், அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை.

உணவுத் தட்டுகளைச் சுமந்து செல்லும் இந்தப் பட்டை, 1958ஆம் ஆண்டு ஒசாகாவில் யோஷியாக்கி ஷிராய்ஷி என்பவர், பீர் ஆலையில் புட்டிகள் நகர்ந்து செல்வதைக் கண்டு தம் சுஷிக் கடைக்காக உருவாக்கியது. சுஷியை எடுத்த கையோடு வாயில் போடலாம். ஹாட்பாட்டில் எடுத்ததை வேகவைத்தாக வேண்டும். இந்த வேறுபாட்டை உணராமல், கண்ணில் பட்ட தட்டுகளையெல்லாம் எடுத்து ஒரேயடியாகச் சட்டியில் கொட்டுபவரின் சூப் கொதி அடங்கிப்போக, பனிக்கட்டி விலகாத இறைச்சிச் சுருள்கள் வெளுத்து, ரப்பர் போலாகிவிடும். சோளத் துண்டு, பூசணி, மீன் உருண்டை ஆகியவற்றை முதலில் இட்டு, அவை வேகும் இடைவெளியில் மெல்லிய இறைச்சியைச் சில துண்டுகளாக மட்டும் போட்டு, நிறம் மாறியதும் எடுப்பதே சரியான முறை. வள்ளைக்கீரையைக் கடைசியில் முக்கி எடுத்தால் போதும். பச்சை இறைச்சியைத் தொட்ட இடுக்கியை வெந்ததன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பன்றியும் கோழியும் ஒரே சட்டியில் வேகும் இடத்தில் இதில் அலட்சியம் கூடாது.

சூப்பில் தெளிந்தது, சோயா சேர்த்த கருஞ்சூப், புளிப்பும் காரமுமான தாய்லாந்துச் சூப்பான தொம் யாம் எனப் பல வகை உண்டு. தொம் யாம் முதல் கரண்டியில் அமர்க்களமாக இருந்தாலும், கொதித்து வற்ற வற்றப் புளிப்பும் உப்பும் ஏறி நாக்கை மரத்துப்போகச் செய்கிறது. தெளிந்த சூப்பை எடுத்துக்கொண்டு காரத்துக்குச் சுக்கிச் சாறு எனும் மிளகாய்த் தொடுசாற்றைத் தொட்டுக்கொள்வதே என் தேர்வு. அந்தச் சாற்றில் பூண்டையும் எலுமிச்சையையும் தாராளமாகச் சேருங்கள்.

இருக்கை விஷயத்தில் சிறிது பிடிவாதம் தேவை. சமையலறையிலிருந்து பட்டை வெளிவரும் முனைக்கு அருகில் அமர்ந்தால் நல்ல தட்டுகள் முதலில் உங்களிடம் வரும். ஒரு கடையில் மறுகோடியில் இடம் கிடைத்த அன்று, இறால் தட்டு ஒன்றுகூட என்னை வந்தடையவில்லை. முட்டைக்கோஸ் மட்டும் சலிக்காமல் வலம் வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பணியாளரிடம் கேட்டால் பெரும்பாலும் நேரடியாகவே கொண்டுவந்து தருகிறார்கள்.

பெரும்பாலான பஃபே கடைகளில் நேர வரம்பு உண்டு. ஒருவர் வயிறாரச் சாப்பிட அது தாராளம், அரட்டைக் கூட்டத்துக்கு அது போதாது. மரக்கறி உணவினர், தெளிந்த சூப்பும் எலும்புச் சாற்றில் செய்ததா என்று அமரும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.