ஸ்பேசரா, நெபுலைசரா?

குழந்தைக்கு வீசிங் என்றதும் பல வீடுகளில் முதலில் வாங்குவது, மருந்துத் திரவத்தைப் புகைபோலாக்கித் தரும் நெபுலைசர் மெஷின்தான். புகை வருகிறது, சத்தம் போடுகிறது, பெரிய வைத்தியம் நடக்கிற மாதிரி ஒரு திருப்தி. ஆனால் லேசான, நடுத்தர மூச்சுத்திணறலுக்கு ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் பிளாஸ்டிக் குழாய்) மாட்டிய இன்ஹேலர் அதற்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல. இரண்டிலும் போவது பெரும்பாலும் மூச்சுக்குழாயை விரிக்கும் அதே சால்பியூட்டமால் மருந்துதான்.

நெபுலைசருக்கு 5 முதல் 10 நிமிடம் பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். கரண்ட் போனால் பெரும்பாலான மெஷின்கள் அவ்வளவுதான். படபடப்பும் ஸ்பேசரைவிடக் கூடுதல். ஸ்பேசரோ பைக்குள் அடங்கிவிடும். இன்ஹேலரைக் குலுக்கி ஒரு அழுத்து, 5 அல்லது 6 மூச்சு. அப்புறம் மறுபடி குலுக்கி அடுத்த அழுத்து. சின்னக் குழந்தைக்கு மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும், அது முக்கியம்.

பலரும் கோட்டைவிடுவது கழுவுவதில். ஸ்பேசரை சோப்புத் தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து உட்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். நெபுலைசர் கப்பை ஒவ்வொரு முறையும் கழுவாவிட்டால் கிருமி சேரும்.

அதற்காக நெபுலைசர் வீண் என்று சொல்லவில்லை. உதடு நீலம் பாரித்து, பேசவே முடியாமல் திணறும்போது ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு சேர்த்து அதைத்தான் கொடுப்பார்கள். அந்த நிலையில் வீட்டு மெஷினை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது, உடனே கிளம்ப வேண்டும்.