உப்புக்காற்றில் ஏழாவது ஆண்டு: என் ஹீட் பம்பும் கும்பகோண நண்பரின் கேள்வியும்

காற்றிலிருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் எங்கள் வீட்டு ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டருக்குக் கடந்த மாதம் இரண்டாவது முறையாக, அந்த வெப்பத்தை வாங்கும் வெளிச்சுருளை மாற்ற வேண்டியதாயிற்று. அந்த ரசீது மேசையில் கிடக்கும்போதே, கும்பகோணத்தில் சிறிய விடுதி நடத்தும் நண்பர் தொலைபேசியில் அழைத்து, வெளிநாடுகளில் எரிவாயுவில் ஓடும் ஹீட் பம்ப் வீடுகளுக்கே வந்துவிட்டதாமே, குழாய் எரிவாயு நம் பக்கமும் வந்தபிறகு அதை வாங்கலாமா என்று கேட்டார். அவர் கேட்ட நேரம் நல்ல நேரமில்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் நாகப்பட்டினத்தைப் புரட்டிப்போட்டதற்கு அடுத்த ஆண்டு இதை வாங்கினேன். 100 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 2.3 யூனிட் வெப்பம் வேண்டும். பழைய கீசர் அதற்கு மேலேயே மின்சாரம் குடித்தது; இது முக்கால் யூனிட்டுக்குள் முடித்துவிடுகிறது, மீதியைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மார்கழி விடியற்காலையில்கூட எங்கள் ஊர்க் காற்று 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை என்பதால், பனி நாடுகளில் திணறும் இயந்திரம் இங்கே சிரமமில்லாமல் ஓடுகிறது. இரண்டு மாதக் கணக்கீட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் நம் மாநிலத்தில், ஆறு பேர் குளிக்கும் வீடு அந்தக் கோட்டுக்குள் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். எதிர்பாராத இன்பம் வேறொன்று உண்டு. இது வெளியே தள்ளுவது குளிர்ந்த காற்று. சித்திரை மதியத்தில் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில், அந்தக் காற்று விழும் இடத்தில் மணையைப் போட்டு அமர்ந்துதான் அம்மா முருங்கைக்கீரை உருவுகிறார்.

இனி என் ஆத்திரம். கடலிலிருந்து வரும் உப்புக்காற்று வெளிச்சுருளின் அலுமினியத் தகடுகளைத் தின்கிறது. முதலில் வெள்ளைப் பொடி பூக்கும். பிறகு விரல் பட்டாலே அப்பளம்போல் நொறுங்கும். முதல் சுருள் மூன்றாம் ஆண்டின் இறுதியில் போயிற்று. சேவை மையம் திருச்சியில் இருப்பதால், மார்கழியில் ஒன்பது நாள் காத்திருந்து அண்டாவில் வெந்நீர் காய்ச்சினோம். கடைசியில் வந்தவர் சுருளைத் தட்டிப் பார்த்து, “கேஸ் போயிடுச்சு சார்” என்றார். மின்சாரத்தில் ஓடுவதற்கு ஏது கேஸ் என்று என் மாமனார் கேட்டதற்கு, அவர் குளிரூட்டும் வாயுவைச் சொல்கிறார் என்று நான்தான் விளக்கினேன். நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

நண்பர் கேட்ட எரிவாயு ஹீட் பம்பிலும் காற்றிலிருந்து வெப்பம் எடுக்க அதே போன்றதொரு வெளிச்சுருள் வேண்டும் என்பதை அவருக்கு முதலில் சொன்னேன். உப்பு அதையும் விடாது. ஆனால் உள்ளே அது வேறு இயந்திரம். ஜப்பானில் பெரிய கட்டடங்களில் ஓடும் ஒரு வகையில், குளிரூட்டும் வாயுவை அழுத்தும் கம்ப்ரஸரை எரிவாயு என்ஜின் சுழற்றுகிறது. ஒரு வண்டிக்குப் பார்ப்பதுபோல் ஆயிலும் பிளக்கும் பார்த்தாக வேண்டும். இத்தாலியின் ரோபர் போன்ற நிறுவனங்கள் செய்யும் மற்றொரு வகையில் கம்ப்ரஸரே இல்லை. எரிவாயுச் சுடர் அம்மோனியா கலந்த நீரைக் காய்ச்ச, அந்த அம்மோனியா பிரிந்து, குளிர்ந்து, ஆவியாகி, மீண்டும் நீரில் கரைந்து சுற்றுகிறது. அம்மோனியாவுக்குச் செம்பு ஆகாது. குழாய்கள் எல்லாம் எஃகு. செம்புக் குழாயைப் பற்றவைத்துப் பழகிய நம் ஏசி மெக்கானிக்குகளுக்கு அதில் வேலையே கிடையாது. அம்மோனியாவின் சுபாவம் அறிந்தவர்கள் எங்கள் ஊரில் இருப்பது மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் தொழிற்சாலைகளில்தான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் அவர்களுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும். நமக்கு வெந்நீர் தேவைப்படாத பருவமும் அதுவே.

சிக்கனக் கணக்கில் எரிவாயு இயந்திரத்தை மட்டம் தட்ட முடியாது. ஒரு பங்கு எரிவாயுவுக்கு அது ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு வெப்பம் தரும். சாதாரண கேஸ் கீசர் ஒரு பங்குக்கும் குறைவாகவே தரும். ஆனால் டெல்டாவின் எரிவாயு ஏற்கெனவே குத்தாலத்திலும் திருமாகோட்டையிலும் மின்நிலையங்களில் எரிந்து கம்பி வழியாக வருகிறது. அதில் 45 சதவீதம் மின்சாரமாகி, வழியில் கொஞ்சம் இழந்து, என் ஹீட் பம்பில் மூன்றரை மடங்காகிறது என்று வைத்தாலும் ஏறக்குறைய அதே ஒன்றரைதான் வருகிறது. இதற்காக எதற்கு இன்னோர் அடுப்பை வீட்டு வாசலில் வைப்பது?

வீடு முழுவதையும் ஐந்தாறு மாதம் சூடாக்க வேண்டிய ஊர்களில்தான் அதற்குச் சந்தை இருக்க முடியும். அங்கேயும் காற்று திரும்பிவிட்டது. பிரிட்டனில் 2023 அக்டோபர் முதல் ஹீட் பம்புக்கு 7,500 பவுண்டு மானியம் தருகிறார்கள். எரிவாயுவில் ஓடுவதற்கு அது கிடையாது. வீட்டுக்கென்று ரோபர் செய்த இயந்திரமே 18 கிலோவாட். என் 100 லிட்டரை அது எட்டு நிமிடத்தில் காய்ச்சிவிட்டு நாள் முழுவதும் சும்மா நிற்கும். புயலில் மின்சாரம் போனாலும் ஓடுமே என்று நண்பர் விடவில்லை. விசிறிக்கும் பம்புக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் அதற்கும் மின்சாரம் வேண்டும். கஜாவுக்குப் பிறகு எங்கள் தெரு இருளில் கிடந்ததைப் போன்ற நாள்களில், அதுவும் என்னுடையதைப் போலவே சுவரை அலங்கரிக்கும்.

அவருடைய விடுதியின் நிலைமை வேறு. நவக்கிரகக் கோயில்களுக்குப் புறப்படுவோர் ஆண்டு முழுவதும் அதிகாலை நான்கு மணிக்கே வெந்நீர் கேட்பார்கள். 2028 மகாமகமும் வருகிறது. நாற்பது அறை இருந்தால் எரிவாயு இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். அவரிடம் இருப்பது ஒன்பது. ஆகவே கடலிலிருந்து தள்ளி இருக்கும் கும்பகோணத்துக்கு என்னுடையதைப் போன்ற மின்சார ஹீட் பம்பே போதும், தயங்காமல் வாங்குங்கள் என்றேன். நீங்கள் மறுபடி வாங்குவீர்களா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். வருகிற ஐப்பசி மழைக்குள் புதிய சுருளில் வெள்ளை பூத்தால் கழற்றி விற்றுவிடுவதாக இருக்கிறேன். வாங்க வருகிறவர் அம்மா அந்த மணையை விட்டு எழுந்திருக்கும் நேரம் பார்த்து வர வேண்டும்.